சலாபமும் ஈலியமும்

சிலாபம் என்னும் ஊர்ப்பெயர் முத்தினாற் பிறந்தது என்பர். தமிழிலே சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்குஞ் சொல். அதுவே சிலாபம் என மருவி ஊருக்குப் பெயராயிற்று என்பது பலர் கருத்து. அவ்வூரிலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், கற்பிட்டிக் குடாநாடு, காரைத்தீவு, பொன்பரப்பி, குதிரைமலை எனச் செல்லும் கடற்கரை இன்று புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்தது. குதிரைமலைக்கு அப்பால் மோதரகம் ஆற்றைக் கடந்தால் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்பு என்னும் ஊர்கள் மன்னார் மாவட்டத்தில் அடங்கும். நிலத்தில் வகுத்த இவ்வெல்லையைக் கடலடியிலுள்ள முத்துப்பார்கள் அறியா. ஆதலின், புத்தளக் கரையின் முத்து வரலாற்றை மன்னாரிலிருந்து பிரித்து எழுதுதல் இயலாது.

முத்து பசியைத் தீர்ப்பதன்று, குளிரைத் தடுப்பதுமன்று. கழுத்திலும் காதிலும் கிடந்து ஒளிர்வதே அதன் பெருந்தொழில். அத்தகைய பொருளுக்காக ஒரு கடற்பரப்பின் செல்வத்தை அள்ளி முடிக்கலாமா என்னும் வினா பழையது. அதே வினா இக்காலத்தில் வேறொரு பொருளைப்பற்றி எழுந்துள்ளது. அப்பொருள் ஈலியம் என்னும் வாயு. நோயாளரின் உடலுட்பகுதியைக் காந்தப்புலத்தினாற் படம்பிடிக்கும் பொறிகளைக் குளிர்விப்பதற்கு இன்றியமையாத அவ்வாயுவைப் பிறந்தநாட் பலூன்களில் அடைத்து விளையாடுதல் தகுமா என்று அறிவியலாளர் கேட்கின்றனர். முத்தின் வரலாறு முற்றுப்பெற்றது. ஈலியத்தின் வரலாறு இன்னும் நடந்துகொண்டிருப்பது. முற்றுப்பெற்றதை ஆராய்ந்தால், அரும்பொருள் அழிவதற்குக் காரணம் அதை வாங்குவோரின் ஆடம்பரமா, அன்றி அதைக் காக்கவேண்டியவரின் பணத்தேவையா என்பது ஓரளவு விளங்கும்.

முத்து எக்காலத்தும் வெறும் அணிகலனாகவே இருந்தது என்பது பிழை. விசயன் தன் மாமனாகிய பாண்டியனுக்கு ஆண்டுதோறும் பெருவிலையுள்ள முத்தை அனுப்பினான் என மகாவமிசம் கூறுகின்றது. தேவநம்பிய தீசன் அசோகனுக்கு விடுத்த கையுறைகளுள் எண்வகை முத்துக்கள் இருந்தன என்றும் அந்நூல் சொல்லும். இவ்விடங்களில் முத்து உறவையும் நட்பையும் நிலைநாட்டும் அரசியற் பொருளாக நிற்கின்றது. கௌடிலீயர் தம் அர்த்தசாத்திரத்தில் தாம்ரபர்ணி முத்தைப் பெயர்சொல்லி வகுப்பதோடு, சங்கு, முத்து, பவளம் முதலியவற்றின் தொழிலை மேற்பார்வை செய்ய அரசு அதிகாரி ஒருவனையும் விதிக்கின்றார். சித்தமருத்துவத்திலே முத்துப் பற்பம் இன்றும் மருந்து. அதே முத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையிற் பூசி மென்ற செல்வரும் இருந்தனர் என்ப. மருந்துக்கும் தாம்பூலத்துக்கும் ஒரே சாம்பல்தான்; தேவை எங்கே முடிந்து வீண்செலவு எங்கே தொடங்குகின்றது என்று கோடு கிழிப்பது எளிதன்று.

உரோம நாட்டவருள் இதனைக் கண்டித்து எழுதியவர் பிளினி. இந்தியா, சீனம், அராபியா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் 10 கோடி செசுத்தர்சு நாணயத்தை உரோமப் பேரரசிலிருந்து ஈர்த்துக்கொள்கின்றன என்றும், ஆடம்பரத்துக்கும் பெண்டிருக்கும் கொடுக்கும் விலை அதுவென்றும் அவர் மனம் புழுங்கினார். உலோலியா பவுலினா என்னும் சீமாட்டி ஒரு சாதாரண விருந்துக்கு 4 கோடி செசுத்தர்சு பெறுமதியான முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தாமே கண்டதாகவும் குறித்துள்ளார். அதே பிளினியின் நூலிலேதான் அன்னியசு புளோக்கமசு என்பவனின் ஏவலாளன் காற்றினால் அள்ளுண்டு இலங்கையின் இப்புரோசு என்னுந் துறையை அடைந்த செய்தியும் காணப்படுகின்றது. அத்துறை குதிரைமலையே என எமேர்சன் தெனன்று முதலாயினோர் கொண்டனர். குதிரை என்னும் பொருள் இரு பெயரிலும் இருத்தலே அவர்க்குச் சான்று. அல்லி அரசாணி அங்கிருந்து முத்தும் குதிரையும் மாற்றி வாணிகஞ் செய்தாள் என்பது இப்பகுதி மக்கள் வழங்குங் கதை. வரலாற்றாசிரியர் அதனைச் சான்றாகக் கொள்ளார். எனினும் முத்தை விற்றவர் பக்கத்து நினைவு அக்கதையிலே தங்கியிருக்கின்றது. உரோமர்க்கு ஆடம்பரமாய் இருந்தது இக்கரையினர்க்குச் சோறாய் இருந்தது என்பதைப் பிளினி எண்ணினாரல்லர்.

முத்துச்சிப்பியின் இயல்பைச் சிறிது அறியாமல் மேற்செல்லுதல் பயனற்றது. கடலடிப் பாறைத் திட்டுக்களையே பார் என்பர். ஐந்து முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்திலே அப்பார்களிற் சிப்பி ஒட்டி வளரும். நான்கைந்து ஆண்டில் முத்து முதிரும். அதற்குமேல் இரண்டொரு ஆண்டில் சிப்பி இறந்துபோம், முத்தும் மணலிற் சிதறிவிடும். திருக்கை மீனும் அதைத் தின்னும். ஆதலின் முத்துச்சிப்பியை என்றென்றும் கடலிலே சேமித்து வைத்தல் முடியாது. எடுக்குங் காலத்தில் எடுக்காவிடின் இழப்பே. ஆனால் முட்டையிடுந் தாய்ச்சிப்பிகளையும் ஒருங்கே வாரிவிட்டால், அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? இரண்டு பிழைக்கும் நடுவே ஒடுங்கிய வழியொன்றே உண்டு. அவ்வழியிலே நடக்கப் பொறுமை வேண்டும்.

ஒல்லாந்தர்க்கு அப்பொறுமை விரும்பி வந்ததோ, வறுமையால் வந்ததோ, எவ்வாறாயினும் இருந்தது. 1732 முதல் 1746 வரையும், பின் 1768 முதல் அவர் ஆட்சி முடிந்த 1796 வரையும் இக்கடலிற் குளிப்பு நிகழவில்லை. பார்களிற் சிப்பி இன்மையும் உரிமைபற்றிய வழக்குக்களும் அதற்குக் காரணம். அவர்கள் கற்பிட்டியிற் கோட்டை கட்டியது முத்தைக் காப்பதற்கு மட்டுமன்று. கண்டியரசனின் கடல்வழியை அடைப்பதற்குமாம். இங்கே உப்பைப்பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரை முழுவதையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், புத்தளம், சிலாபம் உப்பளங்களிலிருந்து கண்டி மக்கள் உப்பெடுக்க மட்டும் இடங்கொடுத்தனர். உப்பின்றி உயிர்வாழ்தல் அரிது, முத்தின்றி வாழலாம். இவ்வேறுபாடு உழவனுக்கும் தெரியும். ஆனால் பின்வந்த ஆங்கில அரசாங்கத்தின் வருவாய்க் கணக்கிலே உப்புத் தனியுரிமையும் முத்துக்குளிப்பும் அடுத்தடுத்த வரிகளாகவே நின்றன. அவசியப் பொருளுக்கு வரியை மிகுத்தவர் ஆடம்பரப் பொருளைக் காத்தாரென எதிர்பார்ப்பது வீண்.

ஏறத்தாழ 28 ஆண்டு ஓய்வுக்குப் பின் 1796இல் ஆங்கிலேயர் வந்தபோது பார்கள் நிறைந்து கிடந்தன. கரையோரத்தைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டும் இடைவிடாது குளிப்பித்தது. பெரும்பணம் கிடைத்தது. அதன்பின் வருவாய் விழுந்தது. தேசாதிபதி பிரெடறிக்கு நோத்து குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்றே அரிப்பிலே தூண்கள் நிறைந்த மாளிகையொன்றை எழுப்பினார். மாளிகை எழுந்த காலத்திலே முத்து முன்போலக் கிடைக்கவில்லை. 1837ஆம் ஆண்டுக்குப்பின் பல ஆண்டு குளிப்பே இல்லை. 1855இலேதான் மீண்டுந் தொடங்கிற்று.

குளிப்பு நிகழும் முறை காண்பார்க்கு வியப்பூட்டுவது. மாசி, பங்குனி மாதங்களிற் கடல் அமைதியுறும். அதற்கு முன்பே பார்களைச் சோதித்துச் சில ஆயிரஞ் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, முத்தை விலைமதிப்போர் கையிற் கொடுத்து, ஆயிரஞ் சிப்பிக்கு என்ன பெறும் என்று கணிப்பர். நல்ல விலையாயின் அறிவித்தல் வெளியாகும். கீழக்கரை முசுலிம்கள், தூத்துக்குடிப் பரதவர், யாழ்ப்பாணத்தார், பாரசீகக் குடாவிலிருந்து வரும் அராபியர் எனக் குளிகாரர் திரள்வர். மரமடர்ந்த வெறுங்கரையிலே சில கிழமைக்குள் பல்லாயிரவர் வாழும் ஓலைப் பட்டினமொன்று தோன்றும். நள்ளிரவிலே தரைக்காற்றில் தோணிகள் புறப்படும். நண்பகலிலே கடற்காற்றில் மீளும். குளிகாரன் காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாருவான்; மேலே நிற்பவன் கயிற்றை இழுப்பான். சிப்பிகள் கரையிலே கொட்டு எனப்படும் அடைப்பில் எண்ணப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மூன்றிலொரு பங்கு குளிகாரர்க்கு, மற்றையது அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு மாலையில் ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை நாட்கணக்காக அழுகவிட்டு முத்தைத் தேடுவர். அந்நாற்றத்தையும் அங்கு மொய்த்த ஈயையும் 1906இல் மறிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய இலெனாட்டு வுல்பு தம் நூலிலே விரித்துள்ளார். வாந்திபேதி பரவிக் குளிப்பு இடையில் நின்ற ஆண்டுகளும் உண்டு.

அக்கூட்டத்திலே கடல்கட்டி என்னும் ஒருவனும் இருந்தான். மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டுதல் அவன் தொழில். தோணி திரும்பும்வரை அவன் கரையில் நின்று மந்திரம் உச்சரிப்பான். அதற்குச் சிப்பி கூலியாகப் பெறுவான். ஒருகாலத்தில் அத்தொழிலைச் செய்தவன் கத்தோலிக்கன் என்று தெனன்று எழுதுகின்றார். ஆங்கில அதிகாரிகள் அவனைக் கண்டு நகைத்தனர். இருந்தும் அவனுக்கு அரசாங்கமே நெடுங்காலம் கூலி கொடுத்துவந்தது. அவன் இல்லையெனிற் குளிகாரர் நீரிலிறங்க மறுப்பர் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். வீண்செலவு என்று ஒருவர் தள்ளுவது மற்றொருவருக்குத் தொழிலின் முதலாய் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1891இற்குப்பின் மீண்டும் பல்லாண்டு பஞ்சம். அரசாங்கம் இலிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மனை வரவழைத்தது. அவரும் துணைவர் சேமிசு ஓணெலும் 1902இல் பார்களை ஆராய்ந்தனர். அவர்கள் முடிவு கவனிக்கத்தக்கது. கரையிலிருந்து தொலைவில், கடலடி ஆழத்திற் சரியும் விளிம்பருகே உள்ளது பெரிய பார். அங்கே கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகள் வந்து ஒட்டுகின்றன. வாடைக்கும் கச்சானுக்கும் ஈடுகொடுக்காமல் முதிருமுன்னே அழிகின்றன. அவ்விளஞ்சிப்பிகளை எடுத்துக் கரைக்கு அணித்தான நல்ல பார்களிலே பரப்பினாற் பயன் விளையும் என்று அவர்கள் ஆலோசனை கூறினர். எட்மனின் அறிக்கை ஐந்து பாகமாக 1903 முதல் 1906 வரை வெளியாயிற்று.

அறிக்கை அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அள்ளுதலும் தொடங்கிவிட்டது. 1903இலும் 1904இலும் ஏறத்தாழ நான்கு கோடிச் சிப்பி. 1905இல் எட்டுக் கோடிக்கு மேல். அவ்வோராண்டு வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இதுகாறும் காணாத தொகை. அதைக் காட்டி அரசாங்கம் 1906இலே பார்களை இலண்டன் முதலாளிகளின் கம்பெனி ஒன்றுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில், 20 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தது. 1906இலும் 1907இலும் கம்பெனி எஞ்சியதை எடுத்தது. பின்பு பார்கள் வெறுமையாயின. 1912இல் கம்பெனி கலைந்தது. இலங்கைச் சட்டநிரூபண சபையிலும் வெளியிலும் அக்குத்தகை அன்றே கண்டிக்கப்பட்டது. ஐந்து வருட விளைவை மூன்று வருடத்தில் வாரிவிட்டு, அந்த மூன்று வருடக் கணக்கைக் காட்டி இருபது வருடத்துக்கு விலைபேசிய வாணிகம் அது. இதிலே இலண்டன், பாரிசு மாநகரங்களின் சீமாட்டிகள் செய்த குற்றம் யாது? அவர்கள் விலை கொடுத்தனர். எத்தனை சிப்பியை எடுப்பது, எத்தனையை விடுவது என்று தீர்மானித்தவர் அவரல்லர்.

இனி ஈலியத்தை நோக்கலாம். அதன் வரலாறும் இப்பகுதிக்கு முற்றிலும் அந்நியமன்று. 1868 ஆகத்து 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திர நாட்டுக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் சான்சென் ஆராய்ந்தார். ஞாயிற்றின் ஒளிமாலையிலே அவ்வாண்டிற் காணப்பட்ட மஞ்சட் கோடு புதியதொரு மூலகத்தின் அடையாளம் எனப் பின்பு ஆங்கில அறிஞர் உலொக்கியர் துணிந்தார். ஞாயிற்றின் கிரேக்கப் பெயரே அதற்கு இடப்பட்டது. பூமியில் அதனை இராம்சே 1895இல் ஒரு யுரேனியக் கனிப்பொருளிலிருந்து பிரித்தார். 1904இல், ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் அளவைப்பணியை நடத்திய காலத்தில், சப்பிரகமுவாவிற் கிடைத்த கனமான கருங்கனிப்பொருள் ஒன்று தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. அதன் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர் ஈலியம் அடங்கியிருந்தது. அக்காலத்தில் அறியப்பட்ட மிக வளமான ஈலிய மூலங்களுள் அதுவுமொன்று.

யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைவதால் உண்டாகும் ஈலியம் நிலத்தடி இயற்கை வாயுவோடு கலந்து தங்குகின்றது. வாயுவை வெளியே எடுக்கும்போது ஈலியத்தைப் பிரித்துக்கொள்ளாவிடின் அது காற்றிற் கலந்து, மெல்ல விண்வெளிக்குத் தப்பிப்போம். காற்றில் பத்திலட்சத்துக்கு ஐந்து பங்கே உண்டு. அதிலிருந்து மீட்பது மிகுந்த செலவு. பெரிய பாரின் இளஞ்சிப்பியைப் போல, உரிய வேளையில் எடுக்காவிடின் கெடும் பொருளே ஈலியமும். இதனை உணர்ந்த அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1925இலே ஈலியக் களஞ்சியத்தை அமைத்தன. தெக்சாசு மாநிலத்து அமரிலோ நகரருகே நிலத்தடிப் பாறையிலே அது சேமிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாயுக் கம்பெனிகள் வீணே விட்ட ஈலியத்தை அரசாங்கம் கடன்பட்டு வாங்கி வைத்தது. 1958இல் ஈலியத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நியூயோர்க்கு நகரின் மேசி அங்காடி தன் ஊர்வலத்துப் பெரும்பலூன்களிற் காற்றை அடைத்துப் பாரந்தூக்கிகளிலே தொங்கவிட்டுக் கொண்டுசென்றது. ஊர்வலம் நின்றுவிடவில்லை, பிள்ளைகளும் மகிழ்ந்தனர்.

சேமித்தவர் கடன் காலப்போக்கில் வட்டியோடு 100 கோடி தொலருக்கு மேல் ஏறிற்று. 1996இல் வேறொரு சட்டம் வந்தது. களஞ்சியத்தை விற்றுக் கடனை அடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். பொருளின் அருமை நோக்கி விலை வகுக்கப்படவில்லை. கடன் தொகையை நோக்கி வகுக்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய களஞ்சியம் இவ்வாறு விலையை நிர்ணயித்தமையால் ஈலியம் எங்கும் மலிந்தது. 1996இலே நோபற் பரிசு பெற்ற இறொபேட்டு றிச்சாட்சன் 2010இல் இதனைக் கடுமையாகத் தாக்கினார். உண்மை விலை வைத்தால் ஒரு விளையாட்டுப் பலூன் 100 தொலர் வரை பெறும் என்பது அவர் கணக்கு. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு ஏலமுறை புகுந்தது. 2024இல் களஞ்சியமே தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

பலூனைத் தடைசெய்தாற் போதும் என்போர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஈலியச் செலவிலே விளையாட்டுப் பலூன் சிறு பங்குதான். மலிவாய்க் கிடைத்தபோது ஆய்வுகூடங்களும் தொழிற்சாலைகளுமே பயன்படுத்தியபின் அதைக் காற்றில் விட்டன. விலை ஏறியபின்னரே பலர் மீட்டெடுக்குங் கருவிகளைப் பூட்டினர். ஆயிரம் இலீற்றருக்கு மேற்பட்ட திரவ ஈலியம் வேண்டிய மருத்துவப் பொறிகளுக்குப் பதிலாகச் சில இலீற்றரோடு அமையும் பொறிகளும் அண்மையிலே வந்துள்ளன. தகுந்த தேவை என்னும் பெயராலும் வீண்செலவு நடக்கும். பிள்ளையின் கையிலுள்ள பலூன் கண்ணுக்குத் தெரிவதால் அதன்மேற் பழி எளிதில் விழுகின்றது. சீமாட்டியின் கழுத்திலுள்ள மாலைமேற் பிளினியின் கண் விழுந்தது போல.

ஆயினும் றிச்சாட்சன் சொன்ன உயர்விலை என்னும் மருந்தை எல்லா நோய்க்கும் கொடுத்தல் தவறாகும். முத்தின் விலை என்றுமே உயர்ந்திருந்தது. அவ்வுயர்விலையே அரசாங்கத்தைப் பார்களுக்கு இழுத்தது. 1905ஆம் ஆண்டின் எட்டுக் கோடிச் சிப்பியை வாரச் செய்தது மலிவன்று. களஞ்சியத்திலே அடைத்து வைத்த பொருளுக்கு உயர்விலை காவலாகும். கடலிலே கிடக்கும் பொருளுக்கு அதுவே பகையாகும். இரண்டிடத்தும் பொதுவாய் அமைந்தது வேறு. காவலன் கடன்காரனாகவோ வருவாய் விரும்பியாகவோ இருந்தான். அமெரிக்க அரசு கடனை அடைக்க விற்றது. இலங்கை அரசாங்கம் வரவு செலவுக் கணக்கை நிரப்பக் குத்தகைக்கு விட்டது. ஓராண்டுக் கணக்கை நோக்கி நெடுங்காலப் பொருளைக் கையாளுமிடத்தில், அதனை அணிந்தாலென்ன, அருந்தினாலென்ன, மருந்தாக்கினாலென்ன, விரைவில் முடியும்.

இவ்விரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. சிப்பி மீண்டும் வளரும். போன ஈலியம் மீளாது. 1925இல் இக்கடலில் மறுபடியுங் குளிப்பு நிகழ்ந்தது. பழைய வகையான பெருங்குளிப்புக்களுள் அதுவே கடைசி. அதற்குள் யப்பானிலே மிக்கிமோட்டோ கோக்கிச்சி முதலியோர் சிப்பியினுள் மணியிட்டு உருண்டை முத்தை வளர்க்குங் கலையைப் பரப்பிவிட்டனர். வளர்ப்பு முத்து சந்தையிற் குவிந்தது. 1930ஐ அண்டி உலகப் பொருளாதார மந்தமும் சேர, கடல் முத்தின் விலை சரிந்தது. குவைத்திலும் பகுரைனிலும் அதனால் வாழ்ந்த குளிகாரர் வறுமையுற்றனர். சீமாட்டிகளோ யப்பானிய முத்தை அணிந்துகொண்டனர். மறிச்சுக்கட்டிக்கு வந்துபோன கீழக்கரை, தூத்துக்குடிக் குளிகாரருக்கு எஞ்சியது சங்குக்குளிப்பு.